கோல்ப் ஆட்டமும் கவனப்பிழையும்

விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்குப் பிழைகள் இருவகையாகத் தோன்றும். ஒன்று அறியாமையால் நேர்வது. மற்றையது அறிந்திருந்தும் கவனியாமையால் நேர்வது. முன்னையதைக் காணும்போது இன்னும் ஒருமுறை கற்பித்தல் வேண்டும் என்று எண்ணுகிறோம். பின்னையதைக் காணும்போது மனம் வருந்துகிறது. வினாவை முற்றும் வாசியாது விடையெழுதத் தொடங்கியவன், கணக்கைச் செவ்வனே செய்து ஈற்று வரியில் எண்ணை மாற்றி எழுதியவன், கடைசிப் பக்கத்தைப் புரட்டாமலே தாளைக் கையளித்தவன் ஆகியோர் அறிவிற் குறைந்தவர் அல்லர். அவர்கள் இழந்த புள்ளிகள் அவர்களுக்கே உரியவை. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவை. எட்டியதை இழத்தல் எட்டாததை இழத்தலினும் கொடிது.

இவ்விழாவை முன்னிட்டு அண்மையிற் கடல்கடந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவரோடு உரையாடிக் கொண்டிருந்தபோது இக்கருத்து வேறொரு வடிவில் எம்முன் வந்தது. அவர் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பின்னர்க் கோல்ப் ஆட்டத்தைக் கைக்கொண்டவர். தம் வாழ்நாளில் அதுவரை ஆடியிராத அளவுக்குச் சிறப்பாக ஒருநாட் போட்டியில் ஆடினாராம். ஆயினும் இடையில் ஒரு குழியில் உடன் ஆடியவரின் பந்தைத் தம்முடையதெனக் கருதி அடித்துவிட்டார். அடுத்த குழிக்கு ஆடத் தொடங்கிய பின்னரே பிழை புலனாயிற்று. போட்டியிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. “மாஸ்ரர், எனக்கு ஆடத் தெரியாமற் போகவில்லை, பார்க்கத் தெரியாமற் போய்விட்டது” என்று கூறி நகைத்தார். பின்னர், இதுபற்றி மலருக்கு ஒரு கட்டுரை எழுதும்படி எம்மைக் கேட்டுக்கொண்டார். நாம் கோல்ப் கோலைக் கையாற் பிடித்தறியோம். ஆயினும் பிழைகளோடு நெடுங்காலம் பழகியவர்கள் என்ற உரிமையால் அவர் வேண்டுகோளுக்கு இசைந்து, நூல்களிற் கற்றவற்றையும் ஆடுபவரிடம் கேட்டறிந்தவற்றையும் ஈண்டு எழுதுகிறோம்.

இவ்வாட்டத்தை அறியாத மாணவர்க்காகச் சிறிது விளக்குதல் நன்று. கோல்ப் ஸ்கொத்லாந்து நாட்டில் வளர்ந்த ஆட்டமாகும். மக்கள் வில்வித்தைப் பயிற்சியைக் கைவிட்டு இதிற் பொழுதுபோக்குகின்றனர் என்று கருதி அந்நாட்டுப் பாராளுமன்றம் 1457 ஆம் ஆண்டில் இதனைத் தடைசெய்தது. தடை நீங்கிற்று, ஆட்டம் நிலைத்தது. 1744 ஆம் ஆண்டில் லீத் என்னும் இடத்தில் 13 விதிகள் எழுதப்பட்டன. ஆங்கிலேயர் இதனை எமது தீவுக்குக் கொண்டுவந்தனர். கொழும்பிலுள்ள கழகம் 1879 ஆம் ஆண்டிலும், நுவரெலியாவிலுள்ள கழகம் 1889 ஆம் ஆண்டிலும் தோன்றியவை. களனிவெளிப் புகையிரதத்திற் சென்றோர் அது கொழும்புக் கழகத்தின் ஆடுகளத்தூடே செல்வதைக் கண்டிருப்பர்.

ஆடுபவர் தொடக்கத் திட்டிலிருந்து சிறு பந்தொன்றைக் கோலால் அடித்து, இடையே உள்ள மரங்களையும் மணற்குழிகளையும் நீர்நிலைகளையும் கடந்து, மழித்த புற்றரையிலுள்ள குழியில் வீழ்த்துதல் வேண்டும். குழியின் அகலம் நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீற்றர். இவ்வாறு 18 குழிகள். மிகக் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடிப்பவர் வெற்றி பெறுவர். கிரிக்கெட்டைப் போல ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நடுவர் உடன் நிற்பதில்லை. தாம் அடித்த அடிகளைத் தாமே எண்ணித் தம்மோடு ஆடுபவருக்குச் சொல்லுதல் வேண்டும். அவர் அதனை அட்டையிற் குறிப்பார். ஈற்றில் இருவரும் ஒப்பமிடுவர். ஆடுபவரே நடுவர்; ஆடுபவரே சாட்சி; ஆடுபவரே கணக்கர். இதனாலேயே இங்கே கவனப்பிழைக்கு இடம் அதிகம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஆட்டம் முடிவதற்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் செல்லும். 90 அடிகளில் ஆட்டத்தை முடிப்பவர் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு விநாடி செலவிட்டாலும், பந்தை அடிப்பதற்குச் செல்லும் நேரம் மொத்தம் மூன்று நிமிடமே. எஞ்சிய நேரமெல்லாம் நடையிலும் பேச்சிலும் காத்திருத்தலிலும் கழிகின்றது. அப்பொழுது மனம் முன்னடித்த அடியை எண்ணி மகிழ்கின்றது, அல்லது வருந்துகின்றது, அல்லது பின்வரப்போகும் பரிசை எண்ணுகின்றது. எதிரே கிடக்கும் பந்தை மட்டும் எண்ணுவதில்லை. கவனப்பிழை பிறக்கும் இடம் இதுவே.

இனி, பிழை நேரும் இடங்களை நான்காக வகுத்து நோக்குவோம்.

முதலாவது, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னர் நேர்வன. ஒருவர் தம் பையில் 14 கோல்களுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. 2001 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் றோயல் லைதம் ஆடுகளத்தில் நடைபெற்ற ஓப்பின் போட்டியின் ஈற்று நாளன்று, வேல்ஸ் நாட்டவரான இயன் வூஸ்னம் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தார். பயிற்சியின்போது பரீட்சித்துப் பார்த்த மேலதிக நெடுங்கோல் ஒன்று அவரது பையிலேயே தங்கிவிட்டது. அங்கு முதற்குழி குறுகிய தூரமுடையது, நெடுங்கோல் வேண்டியதில்லை. ஆதலின் பையை எவரும் நோக்கவில்லை. முதல் அடியிலேயே பந்தைக் குழியருகே நிறுத்தி மிகச் சிறப்பாகத் தொடங்கிய அவருக்கு, இரண்டாம் குழியின் தொடக்கத்திலேதான் பையில் 15 கோல்கள் இருக்கும் செய்தி தெரியவந்தது. இரண்டு தண்ட அடிகள் விதிக்கப்பட்டன. அன்று அவர் வெற்றி பெறவில்லை. மூன்றாம் இடத்தைப் பலரோடு பகிர்ந்துகொண்டார். எண்ணிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதியதாயிருக்கும்.

உலகப் புகழ் பெற்றவருக்கும், கோற்பையைச் சுமக்கத் தனி உதவியாளரை உடையவருக்கும் இது நேருமாயின், பொழுதுபோக்காக ஆடுவோர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! ஆகவே புறப்படுமுன் கோல்களை எண்ணுக. பந்தின்மீது உமக்கே உரிய அடையாளம் ஒன்றை மையினால் இடுக. ஒரே வகையான பந்தை நால்வர் வைத்திருத்தல் இயல்பு. அடையாளம் இல்லையேல் எமது பழைய மாணவருக்கு நேர்ந்ததே நேரும். பிறர் பந்தை அடித்தால் இரண்டு தண்ட அடிகள். அடுத்த குழிக்கு ஆடத் தொடங்குமுன் அதனைத் திருத்தாவிடின் போட்டியிலிருந்து நீக்கம். தொடக்கத் திட்டில் இரு குறிகளுக்கு முன்னாற் பந்தை வைத்து அடித்தலும் இத்தகைய பிழையே. இவை யாவற்றினும் மேலாக, முன்னே செல்பவர்கள் பந்து எட்டாத தூரத்துக்கு அகன்றுவிட்டனரா என்று பார்த்தே அடித்தல் வேண்டும். ஏனைய பிழைகளால் அடிகள் கெடும். இப்பிழையாற் பிறர் உயிருக்கே கேடு வரலாம்.

இரண்டாவது, வழியில் நேர்வன. பந்து புதரிலே மறைந்தால் அதனைத் தேடுவதற்கு முன்னர் ஐந்து நிமிடம் வழங்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டு முதல் மூன்று நிமிடமே வழங்கப்படுகிறது. பழைய விதியை மனத்திற்கொண்டு தேடுவோர் இன்றும் உளர். பந்து தொலைந்திருக்கலாம் என்று ஐயம் தோன்றிய உடனேயே, தற்காலிகப் பந்து என்று வாய்விட்டுக் கூறி, இன்னொரு பந்தை அடித்துவிட்டுச் செல்லுதல் அறிவுடைமை. கூறாது அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும். முதற்பந்து கண்முன்னே கிடப்பினும் பயனில்லை. ஒரு சொல்லைச் சொல்ல மறந்தமையால் நேரும் இழப்பு இது.

வழியில் நேரும் பிழைகளுள் மிகப் பெரியது ஆசையினால் வருவது. 1999 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கார்னூஸ்ரி ஆடுகளத்தில், பிரான்ஸ் நாட்டவரான ஜான் வான் டி வெல்ட் ஈற்றுக் குழிக்கு வந்தபோது ஏனையோரைவிட மூன்று அடிகள் முன்னணியில் நின்றார். அக்குழியை ஆறு அடிகளில் முடித்தாலும் வெற்றி அவருடையதே. அவர் நெடுங்கோலை எடுத்தார். பந்து வழிவிலகிற்று. அடுத்த அடியிற் பாதுகாப்பான இடத்தை நாடாது புற்றரையையே நோக்கி அடித்தார். பந்து பார்வையாளர் மேடையிற் பட்டு மீண்டு அடர்ந்த புல்லில் வீழ்ந்தது. அங்கிருந்து ஓடை நீருள் வீழ்ந்தது. பின்னர் மணற்குழியுள் வீழ்ந்தது. காலணிகளைக் கழற்றி ஓடையுள் இறங்கி நின்ற அவரது தோற்றம் இன்றும் பேசப்படுகின்றது. ஈற்றில் ஏழு அடிகளாயின. மூவர் சமநிலையடைந்து மீண்டும் ஆடியபோது போல் லோறி என்பவர் வென்றார்.

இங்கே விதியறியாமை இல்லை, ஆற்றற்குறைவும் இல்லை. தேவை எவ்வளவு என்று நின்று நினையாமையே உண்டு. பொழுதுபோக்காக ஆடுவோர் மரங்களிடையே அகப்பட்ட பந்தை, இலைகளுக்கிடையே தெரியும் சிறு வெளியினூடே அடித்து வீரங்காட்ட முயல்வர். பக்கவாட்டில் மெல்லத் தட்டி வெளியேற்றினால் ஓரடியே நட்டம். வீரங்காட்டினால் மூன்றும் நான்கும் நட்டமாகும். ஒரு பிழையை அடுத்த அடியிலேயே ஈடுசெய்ய முயல்வதே இரண்டாம் பிழைக்கு வித்து.

மூன்றாவது, புற்றரையில் நேர்வன. 1983 ஆம் ஆண்டு றோயல் பேர்க்டேல் ஆடுகளத்தில் நடந்த ஓப்பின் போட்டியின் மூன்றாம் நாளில், அமெரிக்கரான ஹேல் இர்வின் 14 ஆவது குழியருகே நின்றார். பந்து குழியிலிருந்து ஓரிரு அங்குல தூரத்திற் கிடந்தது. குழந்தையும் தள்ளக்கூடியது. அவர் நின்று குறிபாராது ஒரு கையாற் கோலை வீசினார். கோல் பந்தைத் தொடாமலே சென்றது. அடிக்கும் எண்ணத்தோடு வீசியமையால் அதுவும் ஓரடியாகக் கணக்கிடப்பட்டது. மறுநாள் போட்டி முடிந்தபோது ரொம் வற்சன் வென்றார். இர்வின் ஓரடியால் இரண்டாம் இடத்தில் நின்றார். இருநூற்றைம்பது யார் தூரம் பறக்கும் அடியும் இரண்டங்குலம் உருளும் அடியும் கணக்கில் ஒன்றேயாகும். இதனை மறப்பவரை இவ்வாட்டம் மன்னிப்பதில்லை.

நண்பரோடு ஆடுகையில், குழியருகே நின்றுவிட்ட பந்தை, வீழ்ந்ததாகக் கொள்வோம் என்று கையால் எடுத்துவிடும் வழக்கம் உண்டு. ஒருவரோடொருவர் குழிக்குக் குழி வெற்றி காணும் ஆட்டத்தில் எதிராளி அவ்வாறு விட்டுக்கொடுத்தல் விதிக்கு அமைந்ததே. ஆனால், மொத்த அடிகளைக் கணக்கிடும் போட்டியில் ஒவ்வொரு குழியிலும் பந்து வீழ்ந்தேயாதல் வேண்டும். வீழ்த்தாது எடுத்து, அடுத்த குழிக்கு ஆடத் தொடங்கியவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவர். நட்புக்காகப் பழகிய பழக்கம் போட்டி நாளில் எம்மை அறியாமலே கையை நீட்டச் செய்கின்றது. ஆகவே, விளையாட்டாக ஆடும் நாளிலும் பந்தைக் குழியில் வீழ்த்தியே பழகுதல் நன்று.

நான்காவது, அட்டையில் நேர்வன. ஆட்டம் முடிந்துவிட்டது என்று எண்ணும் வேளையில் வருவதால் இப்பிழை மற்றெல்லாவற்றினும் துன்பம் தருவது. ஒவ்வொரு குழிக்கும் எழுதப்பட்ட எண் சரியானதா என்று பார்த்தல் ஆடியவரின் கடமை. மொத்தத்தைக் கூட்டுதல் போட்டிக் குழுவின் கடமை. அடித்ததைவிடக் கூடிய எண்ணை எழுதி ஒப்பமிட்டால் அக்கூடிய எண்ணே நிலைக்கும். குறைந்த எண்ணை எழுதி ஒப்பமிட்டால் நீக்கமே தண்டனை.

1957 ஆம் ஆண்டு, நியூயோர்க் மாநிலத்திலுள்ள விங்ட் புட் ஆடுகளத்தில் நடைபெற்ற அமெரிக்க மகளிர் ஓப்பின் போட்டியில், ஹவாயைச் சேர்ந்த ஜாக்கி புங் எல்லோரினும் குறைந்த அடிகளில் ஆட்டத்தை முடித்தார். அவரது அட்டையில் நான்காம் குழிக்கு ஆறு என்பதற்குப் பதிலாக ஐந்து என்று குறிக்கப்பட்டிருந்தது. மொத்தம் மட்டும் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அவர் நீக்கப்பட்டார். பெற்சி றோல்ஸ் வெற்றியாளரானார். மனமிரங்கிய கழகத்தார் தமக்குள்ளே பணம் சேர்த்துப் புங்குக்கு வழங்கினர். பணம் கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை.

1968 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 14 ஆம் நாள், அமெரிக்காவின் ஒகஸ்ரா ஆடுகளத்தில் மாஸ்ரர்ஸ் போட்டியின் ஈற்று நாள். ஆர்ஜென்ரீனா நாட்டவரான றொபேட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45 ஆவது பிறந்தநாள். முதற்குழியை இரண்டே அடிகளில் முடித்தார். 17 ஆவது குழியை மூன்று அடிகளில் முடித்தார். ஈற்றுக் குழியில் மட்டும் ஓரடி மிகையாயிற்று. அன்றைய ஆட்டம் 65 அடிகள். பொப் கோல்பியோடு சமநிலை. மறுநாள் இருவரும் மீண்டும் ஆடி வெற்றியைத் தீர்மானித்திருத்தல் வேண்டும். ஆனால் அவரது அட்டையைக் குறித்த ரொமி ஏரன் 17 ஆவது குழிக்கு நான்கு என்று எழுதிவிட்டார். ஈற்றுக் குழியிற் செய்த பிழையை எண்ணிய வருத்தத்தோடு அமர்ந்த டி விசென்சோ அதனைச் சரிபாராது ஒப்பமிட்டார். 65 என்பது 66 ஆயிற்று. ஓரடியாற் கோல்பி வென்றார். பார்வையாளரும் தொலைக்காட்சியிற் கண்டோரும் மூன்று அடிகளைக் கண்டிருந்தனர். ஆயினும் ஒப்பமே மேலோங்கிற்று. குறித்தவரைக் குறைகூறாது தம்மையே அவர் நொந்துகொண்டார் என்பது அவரது பெருமை. இன்று கைத்தொலைபேசியில் அடிகளைப் பதியும் கழகங்களும் உள. எனினும் சரிபார்த்து உறுதிசெய்யும் கடமை ஆடுபவரை விட்டு நீங்கவில்லை.

இவ்வரலாற்றை வாசிக்குந்தோறும் எம் மனம் டி விசென்சோவிடம் மட்டும் நிற்பதில்லை. எண்ணைக் குறித்தவரிடமும் செல்கின்றது. காரணம் உண்டு. ஆசிரியப் பணியின் தொடக்க காலத்தில், வேறொரு பாடசாலையில், ஆண்டிறுதித் தமிழ் விடைத்தாள்களைத் திருத்தியபோது, ஒரு மாணவனின் புள்ளிகளைக் கூட்டுகையில் பத்தின் தானத்துக்குக் கொண்டுசென்ற ஒன்றைச் சேர்க்க மறந்தோம். 78 ஆக வேண்டியது 68 ஆயிற்று. தமிழ்ப் பரிசு மற்றொரு மாணவனுக்குச் சென்றது. பரிசளிப்பு விழா முடிந்து சில வாரங்களின் பின், கட்டுரை வினா ஒன்றுபற்றி ஐயங்கேட்க அத்தாளைக் கொண்டுவந்தான் அம்மாணவன். அப்பொழுதே பிழை எம் கண்ணிற் பட்டது. “நீ இதனைக் கூட்டிப் பார்க்கவில்லையா?” என்று வினவினோம். “நீங்கள் கூட்டியதை நான் ஏன் சேர் கூட்டிப் பார்ப்பான்?” என்றான். அந்த விடை இன்றும் எம் செவியில் உள்ளது.

அதிபரிடம் கூறிப் பதிவேட்டைத் திருத்தினோம். வகுப்பின் முன் நின்று எம் பிழையைச் சொன்னோம். பரிசாக வழங்கப்பட்ட நூலில் இன்னொரு பிரதியை எம் பணத்தில் வாங்கி அவனுக்குக் கொடுத்தோம். நூல் கிடைத்தது, ஆனால் அன்று மேடையில் அவன் பெயர் ஒலிக்கவில்லை, அவன் பெற்றோர் அதனைக் கேட்கவில்லை. அதனை எவரால் மீட்டுத் தரமுடியும்? அன்று தொட்டு மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் கூட்டுகிறோம். தாளைக் கொடுத்ததும் மாணவனையும் கூட்டிப் பார்க்கும்படி சொல்லுகிறோம். ஆசிரியர்மீது கொண்ட மதிப்பு ஆசிரியரின் கூட்டலைச் சரிபார்ப்பதாற் குறைந்துவிடாது.

கவனப்பிழையை முற்றாக ஒழித்தல் மனிதருக்கு இயலாது. நேர்ந்துவிட்டால் என்செய்வது என்பதற்கும் இவ்வாட்டத்திலேயே விடை உண்டு. பணத்துக்காக ஆடாது வாழ்நாள் முழுதும் பொழுதுபோக்காளராகவே ஆடி உலகப் புகழ் பெற்றவர் பொபி ஜோன்ஸ். ஒகஸ்ரா ஆடுகளத்தை நிறுவியோருள் ஒருவரும் அவரே. 1925 ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பின் போட்டியில், அடிப்பதற்கு ஆயத்தமாகையில், புல்லிற் கிடந்த பந்து சிறிது அசைந்ததாகக் கூறித் தமக்குத் தாமே ஓரடியைத் தண்டமாக விதித்துக்கொண்டார். பிறர் எவரும் அதனைக் கண்டிலர். அதனை எண்ணாது விட்டிருந்தால் அவ்வோரடியால் வென்றிருப்பார். எண்ணியமையாற் சமநிலையாயிற்று, மீண்டும் ஆடிய ஆட்டத்தில் வில்லி மக்பார்லேன் என்பவரிடம் ஓரடியாற் தோற்றார். பிழை நேராமற் காப்பது கவனம். நேர்ந்த பிழையை மறையாமற் காப்பது நேர்மை. முன்னையது சிலவேளை தவறும். பின்னையது தவறுதல் ஆகாது.

கோல்களை எண்ணுக, பந்தை நோக்குக, தேவையறிந்து அடிக்குக, அண்மையிற் கிடக்கும் பந்துக்கும் நின்று குறிபார்க்குக, வாசித்த பின்னரே ஒப்பமிடுக. ஆடுவோர்க்குக் கூறிய இவ்வைந்தும் ஆடாதோர்க்கும் பொருந்துவன. உறுதி எழுதுவோரும், மருந்து அளப்போரும், விடை எழுதுவோரும், விடை திருத்துவோரும் இவற்றைத் தத்தம் தொழிலுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மகிழ்ச்சியில் வரும் மறதியை விலக்குதற்கென்றே வள்ளுவர் பொச்சாவாமை என 54 ஆம் அதிகாரத்தை வகுத்தார். வெற்றி கைக்கெட்டும் வேளையே விழிப்பு மிக வேண்டிய வேளை என்பதை வூஸ்னமின் பையும் இர்வினின் கோலும் டி விசென்சோவின் அட்டையும் காட்டுகின்றன.

விழாக் காலமும் மகிழ்ச்சிக் காலமே. கடந்த ஆண்டுகளின் பெருமையை எண்ணி மகிழும் எம் கல்லூரிச் சமூகம், வரும் ஆண்டுகளின் சிறு கடமைகளையும் கண்விழித்துச் செய்க என வாழ்த்துகிறோம். அந்தப் பழைய மாணவர் தம் பந்துகள் யாவற்றிலும் இப்பொழுது ஓர் அடையாளம் இடுவதாக அறிவித்துள்ளார். அது தமிழ் நெடுங்கணக்கின் முதலெழுத்தாகிய அகரம் என்பதில் எமக்குத் தனி மகிழ்ச்சி.